இன்னும் ஒரே ஒரு விசா

வளைகுடாவில் வாழும் மனிதரின் நலத்தை அளக்க அரசு ஓர் ஏணியை வைத்திருக்கிறது. அவருடைய ஊர் வேறோர் அளவுகோலை வைத்திருக்கிறது. ஆசை, போதும் என்ற நிலை, நல்வாழ்வு ஆகியவை பற்றிய பழைய கேள்விகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை விசா புதுப்பிக்கும் நேரத்தில் எவ்வாறு எழுகின்றன என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

துபாயின் அரசு சேவை மையங்களில், விண்ணப்பத்தையும் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்க்கும் ஊழியருக்குப் பக்கத்தில், கவுன்டரின் விளிம்பில் சிறிய திரை ஒன்று சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கும். அதில் மூன்று முகங்கள் உண்டு: ஒன்று சிரிக்கிறது, ஒன்று எதையும் காட்டிக்கொள்ளாமல் நேராகப் பார்க்கிறது, ஒன்று உதட்டைக் கீழ்நோக்கி வளைத்திருக்கிறது. வேலை முடிந்து எழுந்திருப்பவர் அவற்றுள் ஒன்றை விரலால் தொட்டுவிட்டுப் போகலாம். ‘மகிழ்ச்சி மானி’ என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். அது வைக்கப்பட்டிருக்கும் அலுவலகங்கள் பலவும் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்’ என்றே பெயர் மாற்றப்பட்டுள்ளன. குளிரூட்டப்பட்ட அந்தக் கூடத்தில், டோக்கன் எண் திரையில் மாறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரும் கணக்கரும் கொத்தனாரும் தம் முறை வந்து காகிதம் சரியாக முடிந்துவிட்டால் பெரும்பாலும் சிரிக்கும் முகத்தையே தொடுகின்றனர். அவர்களிடம் கேட்கப்பட்டது அன்றைய சேவையைப் பற்றி மட்டுமே என்பதும், அந்தக் காகிதத்தோடு தொடங்கும் அடுத்த இரண்டாண்டுகளைப் பற்றி எந்தத் திரையும் கேட்பதில்லை என்பதும் வேறு செய்தி.

அமைச்சகமும் ஏணியும்

மகிழ்ச்சியை அரசின் பொறுப்பாக அறிவித்த நாடுகள் உலகில் மிகச் சில. பூடான் 1970களிலிருந்து ‘மொத்த தேசிய மகிழ்ச்சி’ என்ற கருத்தை முன்வைத்தது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் (அமீரகம்) 2016 பிப்ரவரியில் ஒரு படி மேலே போய், மகிழ்ச்சிக்கென்றே ஓர் இணையமைச்சர் பதவியை உருவாக்கி, ஊஹுத் அல் ரூமியை அதில் அமர்த்தியது. 2020 ஜூலையில் அரசு மாற்றியமைக்கப்பட்டபோது அப்பதவி தனியாக நீடிக்கவில்லை. மகிழ்ச்சி, நலவாழ்வுத் திட்டங்கள் சமூக மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ்ச் சென்றன. கேலி செய்தவர்களும் உண்டு, பாராட்டியவர்களும் உண்டு. எனினும், குடியிருப்போரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவராக இருக்கும் ஒரு நாடு ‘யாருடைய மகிழ்ச்சி’ என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

உலக மகிழ்ச்சி அறிக்கை இந்தக் கேள்வியை ஓர் ஏணியைக் கொண்டு அணுகுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் 1960களில் வகுத்த அந்த ஏணியில் 0 முதல் 10 வரை படிகள் உண்டு. உச்சிப் படி ஒருவர் தமக்கு வாய்க்கக்கூடியதாகக் கருதும் மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது நிற்பது எந்தப் படியில் என்பதே கேள்வி. 2025ஆம் ஆண்டு அறிக்கையில் அமீரகம் 21ஆம் இடத்திலும், இந்தியா 118ஆம் இடத்திலும், இலங்கை 133ஆம் இடத்திலும் இருந்தன. தமிழர்கள் விமானம் ஏறும் திசைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது என்று தோன்றலாம். ஆனால் இந்த ஏணியின் உச்சியைக் கட்டுவது கணக்கெடுப்பவர் அல்லர், பதில் சொல்பவர்; அவருடைய கற்பனை எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் ஏணியின் உயரம். நார்வேச் சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் 1983இல் வெளியிட்ட நூலுக்கு, எட்டாத திராட்சையைப் புளிப்பு என்று சொன்ன நரியின் கதையிலிருந்து பெயரெடுத்தார். கிடைக்காததை விரும்பாமல் இருக்கப் பழகிக்கொள்ளும் மனத்தின் இயல்பை அவரும், பின்னர் அமர்த்தியா சென்னும் ‘தகவமைந்த விருப்பம்’ என்ற பொருளில் விளக்கினர். நீண்ட நாள் குறைவாகவே எதிர்பார்த்துப் பழகியவர் சிறு உதவிக்கும் சிரிக்கும் முகத்தைத் தொடுவார். அதைக் கொண்டு அவர் நலமாக இருக்கிறார் என்று முடிவு கட்டுவது சரியாகாது என்பது சென்னின் வாதம்.

நுகர்வு, வேட்கை, பற்று

ஆசையைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கும் எவரும் முதலில் துறவின் குரலையே கேட்கின்றனர். புத்தரின் பெயரால் மேடைகளிலும் ஆட்டோக்களின் முதுகிலும் உலவும் வாசகங்கள் ஆசையைத் துன்பத்தின் வேராகக் காட்டுகின்றன. பௌத்த மரபு உண்மையில் சொன்னது இதைவிட நுட்பமானது. மணிமேகலை, துன்பம் தோன்றும் முறையைப் பன்னிரண்டு கண்ணிகளாக அடுக்கும்போது, புலன்வாயில்களில் நிகழும் தொடுகையை ‘ஊறு’ என்றும், அதனால் எழும் இன்ப துன்ப உணர்ச்சியை ‘நுகர்வு’ என்றும், அதிலிருந்து பிறக்கும் தாகத்தை ‘வேட்கை’ என்றும், அத்தாகம் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு விடாத நிலையைப் ‘பற்று’ என்றும் பெயரிடுகிறது. அந்த ‘நுகர்வு’ என்ற சொல்லே இன்று சந்தைக்குரிய சொல்லாகி, கடையில் பொருள் வாங்குபவரைத் தமிழ் ‘நுகர்வோர்’ என்கிறது. வேட்கைக்கு முந்திய கண்ணியையே வணிகத்தின் பெயராக வைத்துக்கொண்ட மொழி வேறு எங்கேனும் உண்டா என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் பார்க்க வேண்டிய ஒன்று.

திருக்குறளில் ஆசை பேசப்படும் இடங்களும் இதே கவனத்தைக் கோருகின்றன. ஆசையை அடியோடு அறுக்கச் சொல்லும் ‘அவா அறுத்தல்’ 37ஆவது அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. இல்லறத்தாருக்கு வள்ளுவர் வைத்தவை 17ஆவது அதிகாரமான ‘அழுக்காறாமை’யும் 18ஆவதான ‘வெஃகாமை’யும், முன்னது பிறர் ஆக்கம் கண்டு புழுங்காமை, பின்னது பிறர் பொருளைக் கவர நினையாமை. பொருட்பாலில் உள்ள 76ஆவது அதிகாரமான ‘பொருள் செயல்வகை’யோ பொருளைத் தேடச் சொல்கிறது. எனவே, தங்கையின் திருமணத்துக்கும் தந்தையின் கடனுக்கும் கடல் கடந்தவரிடம் துறவிக்குரிய அறத்தைச் சொல்லி ஆசையை விடுமாறு உபதேசிப்பது அதிகாரம் மாற்றிப் படிக்கும் பிழை. வள்ளுவர் அவரிடம் கேட்டிருக்கக்கூடியது, அவர் விரும்புவது எதை என்பதைவிட, யாரைப் பார்த்து விரும்புகிறார் என்பதாகவே இருந்திருக்கும்.

இஸ்லாமியச் சிந்தனை மரபும் இதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘இன்பத்தின் ரசவாதம்’ என்று பொருள்படும் ‘கீமியாயே சஆதத்’ என்ற பாரசீக நூலில் மனிதரை ஓர் அரசாக உருவகிக்கிறார்: ஆன்மா அரசன், அறிவு அமைச்சன், சினம் காவலன், ஆசை வரி வசூலிப்பவன். வசூலிப்பவன் இல்லாவிட்டால் அரசு நடக்காது. அமைச்சனின் சொல்லை மீறி அவனே ஆளத் தொடங்கினால் நாடு கெடும். சம்பளத்துக்கு வருமான வரி இல்லாத நாடு என்பதற்காகவே பலர் தேடிவரும் அமீரகத்தில் இந்த ஒரு வசூல்காரர் மட்டும் மாதம் தவறுவதில்லை என்பது கஸ்ஸாலி எதிர்பார்த்திராத வேடிக்கை. அவருக்கும் முந்திய அல் ஃபாராபி, ‘சஆதா’ எனும் உயர்ந்த இன்பத்தைத் தனிமனிதர் தனியாக அடைய முடியாது, அதற்கு நல்ல நகரம் வேண்டும் என்றார். அமீரக அமைச்சகத்தின் அரபுப் பெயரில் இருந்ததும் இதே ‘சஆதா’தான்.

[பெட்டிச் செய்தி: சபராளியின் சொற்கள்]

சபராளி: பயணம் என்று பொருள்படும் ‘சபர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, தமிழக முஸ்லிம் ஊர்களில் பொருளீட்ட வெளிநாடு சென்றவரைக் குறிக்கும்.
கஃபீல்: வேலைக்கு அழைத்து, தங்கும் உரிமைக்குப் பொறுப்பேற்பவர். இம்முறைக்குக் ‘கஃபாலா’ என்று பெயர்.
இக்காமா: சவுதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை.
பத்தாக்கா: அட்டை, பேச்சில் தொழிலாளர் அட்டையையும் அடையாள அட்டையையும் குறிக்கும்.
பெட் ஸ்பேஸ்: ஓர் அறையில் ஒரு கட்டிலுக்கான இடத்தை மட்டும் மாத வாடகைக்கு எடுப்பது.
கேன்சல்: விசாவை ரத்து செய்துகொண்டு ஊர் திரும்புதல். ‘கேன்சல்ல போறாரு’ என்றால் அவர் இனி வரமாட்டார்.

ஊரில் இருக்கும் அளவுகோல்

பளபளப்பான நகரம் மனிதரின் ஆசையைத் தூண்டிவிடுகிறது என்பது வளைகுடாவைப் பற்றி எளிதாகச் சொல்லப்படும் விளக்கம். 828 மீட்டர் உயரத்தில் 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபாவும் அதன் காலடியில் உள்ள துபாய் மாலும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆனால் ஷார்ஜாவிலோ துபாயின் சோனாப்பூரிலோ ஆறு பேர் தங்கும் அறையில் இருப்பவர் அந்தக் கோபுரத்தைப் பார்த்து ஏங்குவதில்லை. விடுமுறை நாளில் அதன் முன் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார், அவ்வளவே. அவருடைய உறக்கத்தைக் கெடுப்பது வேறொன்று: தம்மோடு ஒரே ஆண்டில் விமானம் ஏறிய சித்தப்பா மகன் ஊரில் மாடி எடுத்துவிட்டான் என்ற செய்தி.

2015இல் மறைந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் இதை முக்கோணமாக விளக்கினார். விரும்புபவர் ஒரு முனை, விரும்பப்படும் பொருள் ஒரு முனை, அப்பொருளை விரும்பத்தக்கதாகக் காட்டும் முன்மாதிரி மூன்றாம் முனை. முன்மாதிரி எட்டாத தொலைவில் இருந்தால் வியப்பு மட்டுமே உண்டாகும். அவர் கைக்கெட்டும் தூரத்தில், நம்மைப் போன்றவராகவே இருந்தால்தான் போட்டியும் புழுக்கமும் பிறக்கும். ஷேக்கின் மாளிகை முதல் வகை. பங்காளி வீட்டு மாடி இரண்டாம் வகை. வள்ளுவர் இல்லறத்தாருக்கு அழுக்காறாமையை முன்னே வைத்ததன் காரணத்தை ஜிராரின் முக்கோணத்திலிருந்து பின்னோக்கிப் படித்தறியலாம்.

இந்த முக்கோணம் நிற்கும் தரை கடன். 1983ஆம் ஆண்டு குடியகல்வுச் சட்டத்தின்கீழ் இந்திய முகவர் ஒரு தொழிலாளரிடம் பெறக்கூடிய கட்டணத்துக்கு ரூ. 30,000, அதன் மீதான வரி என்று உச்சவரம்பு இருக்கிறது. ஆளெடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்று அமீரகச் சட்டம் சொல்கிறது. எனினும் ‘விசாவுக்குப் பணம் கட்டுவது’ என்ற சொற்றொடர் ஊர்ப்பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டும் பணம் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியதாகவோ, மனைவியின் நகையை வங்கியில் வைத்துப் பெற்றதாகவோ இருக்கிறது. ஆகவே பலருடைய முதல் ஆசை ஏணியில் ஏறுவது அன்று, பூஜ்யத்தை எட்டுவது. அதை எட்டிய பிறகு தங்கையின் திருமணம், பிறகு வீடு, பிறகு பிள்ளையின் கல்லூரி என்று ஒவ்வொன்றும் நியாயமான காரணத்தோடு வரிசையில் நிற்க, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘இன்னும் ஒரு விசா முடிச்சிட்டு வந்துடுறேன்’ என்ற அதே வாக்கியம் தொலைபேசியில் ஊருக்குப் போகிறது.

இராமநாதபுரம், தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் கடற்கரை ஊர்களிலும் கன்னியாகுமரியிலும் கட்டப்பட்டிருக்கும் வீடுகளின் மொட்டை மாடியைப் பார்த்தால் இந்த வாக்கியம் இரும்பாக நிற்பதைக் காணலாம். தூண்களின் தலையில் இரண்டு மூன்று அடிக்குக் கம்பிகள் வெட்டப்படாமல் விடப்பட்டிருக்கும். பின்னால் மாடி எடுக்கும்போது பிணைத்துக்கொள்ளலாம் என்பதற்காக. மழையில் துரு இறங்காமலிருக்கச் சிலர் அவற்றின் மேல் சிமெண்டுப் பால் பூசுவர், சிலர் பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து வைப்பர். கீழ்த்தளத்தில் குடியிருக்க ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் அந்தக் கம்பிகள் அடுத்த தளத்துக்காகக் காத்திருக்கின்றன. கிரேக்க அறிஞர் எபிகூரஸ் ஆசைகளை மூன்றாகப் பகுத்தார்: இயல்பானதும் இன்றியமையாததும், இயல்பானதாயினும் இன்றியமையாதது அல்லாதது, இரண்டும் அல்லாத வெற்றாசை. கூரை முதல் வகை, தனியறை இரண்டாம் வகை. மூன்றாம் வகைக்கு மட்டும் எல்லை கிடையாது என்றார் அவர். எனினும் இந்தக் கம்பியை எந்த வகையில் சேர்ப்பது என்பது எளிதன்று; பெண் கேட்டு வருபவர் வீட்டைப் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்கும் ஊரில் மாடி என்பது வெற்றாசை அன்று, மகளின் எதிர்காலம்.

டோங்கா காட்டிய விந்தை

இடம்பெயர்ந்தவர் நலமாக இருக்கிறாரா என்பதை ஆராய்வதில் ஒரு பழைய சிக்கல் உண்டு: போனவரும் போகாதவரும் இயல்பிலேயே வேறுபட்டவர்களாக இருக்கக்கூடும் என்பதால் இருவரையும் ஒப்பிட முடியாது. பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து ஆண்டுதோறும் 250 பேரைக் குலுக்கல் முறையில் நியூசிலாந்து குடியேற அனுமதித்தபோது இச்சிக்கல் தீர்ந்தது. குலுக்கலில் பெயர் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு ஸ்டீவன் ஸ்டில்மன், ஜான் கிப்சன், டேவிட் மெக்கென்சி, ஹலஹிங்கானோ ரொஹொருவா ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வின் முடிவுகள் நேர்கோட்டில் அமையவில்லை. போனவரின் வருமானம் பெருமளவு உயர்ந்தது; மனநலம் மேம்பட்டது; ஆனால் மகிழ்ச்சி குறைந்தது. இன்னும் விந்தையானது அடுத்த கண்டுபிடிப்பு. போனவரிடம் முன்பிருந்த நிலையையும் இப்போதுள்ள நிலையையும் நினைவிலிருந்து மதிப்பிடச் சொன்னபோது, அவர் தம் வாழ்க்கை உயர்ந்துவிட்டது என்றே சொன்னார். ஊரிலேயே தங்கிவிட்டவரின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டபோதோ அந்த உயர்வு தென்படவில்லை. தாம் விட்டுவந்த வாழ்க்கையை, இப்போது நிற்கும் இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கையில் அவர் தாழ்த்தி மதிப்பிட்டார் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

வளைகுடாத் தமிழர்கள் மீது இப்படியொரு குலுக்கல் ஆய்வை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. நியூசிலாந்து நிரந்தர வசிப்புரிமைக்கு வழிவிடுகிறது, வளைகுடா பெரும்பாலோருக்கு விடுவதில்லை. ஆனால் விடுப்பில் ஊருக்கு வருபவரின் பேச்சில் இந்த மறுமதிப்பீட்டைக் கேட்க முடியும். முதல் வாரம் ஊர்ச் சாலையும் மின்வெட்டும் அலுவலகத் தாமதமும் அவரை எரிச்சலூட்டுகின்றன. நான்காவது வாரம் திரும்பிப் போகும் நாளை எண்ணி அதே சாலை அழகாகத் தெரிகிறது. ஏணி ஒன்றே; அதை எங்கே சாய்த்து வைப்பது என்பதில்தான் வேறுபாடு.

4,000 திர்ஹம் கோடு

ஆசையைப் பற்றிய தத்துவ நூல்கள் பெரும்பாலும் விரும்புபவரின் மனத்துக்குள்ளேயே விசாரணை நடத்துகின்றன. வளைகுடாவிலோ, எந்த விருப்பம் யாருக்கு உரியது என்பதைச் சட்டமும் சொல்கிறது. அமீரகத்தில் ஒருவர் தம் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவருடைய மாதச் சம்பளம் 4,000 திர்ஹமாகவோ, தங்குமிடத்தோடு 3,000 திர்ஹமாகவோ இருக்க வேண்டும் என்பது 2019 முதல் நடைமுறை; அதற்கு முன் செய்யும் தொழிலின் வகையும் பார்க்கப்பட்டது. சவுதி அரேபியா 2017 ஜூலையில் உடன் தங்கும் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று கட்டணம் விதித்து, ஆண்டுக்கு 100 ரியாலாக உயர்த்தி 2020இல் 400 ரியாலுக்குக் கொண்டுவந்தபோது, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஊழியர் அவர்கள் தம்மோடு இருப்பதற்காக மட்டுமே மாதம் 1,200 ரியால் கட்ட வேண்டியதாயிற்று. பல குடும்பங்கள் ஊர் திரும்பின. கணவர்கள் பெட் ஸ்பேஸுக்கு மாறினர். சேர்ந்து வாழும் விருப்பத்தின் விலையை இவ்வளவு துல்லியமாக எந்தத் தத்துவமும் கணக்கிட்டதில்லை.

கோட்டுக்குக் கீழே இருப்பவரின் குடும்ப வாழ்க்கை கைப்பேசியில் நடக்கிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே செய்தி போகும், குரல் அழைப்பு போகாது என்பதால் ‘போட்டிம்’ செயலியை இறக்கி, இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி பேசுகிறார்கள்; கீழ்த்தட்டில் இருப்பவரும் அதே நேரத்தில் வேறொரு ஊரோடு பேசிக்கொண்டிருப்பார். இலங்கையிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்களின் நிலை இதனினும் கடினமானது. 5 வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போவதை இலங்கை அரசு 2013இல் கட்டுப்படுத்தியது. 2022இல் பொருளாதாரம் சரிந்து டாலர் தட்டுப்பாடு வந்தபோது அதே கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. குழந்தையின் நலம் பற்றிய கொள்கை அந்நியச் செலாவணிக் கையிருப்போடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்றால், ‘நல்வாழ்வு’ என்ற சொல் அங்கே யாருடைய கணக்கேட்டில் எழுதப்படுகிறது என்பது வெளிப்படை.

[பெட்டிச் செய்தி: எண்களில்]

2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டினர் ஏறத்தாழ 22 லட்சம்; சிங்கப்பூரும் அமீரகமும் சவுதியும் முன்னணி நாடுகள்.
ரிசர்வ் வங்கியின் 2023-24ஆம் ஆண்டு ஆய்வின்படி இந்தியாவுக்கு வரும் பணத்தில் அமீரகத்தின் பங்கு 19.2 விழுக்காடு, மாநிலங்களில் தமிழ்நாடு பெறுவது 10.4 விழுக்காடு.
அமீரகத்தில் கோடைக்கால நண்பகல் இடைவேளை: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளி வேலைக்குத் தடை.
பணிக்கொடை: முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள்.

குடிமக்களின் திருமணங்கள்

போட்டியாசை வெளிநாட்டவருக்கு மட்டும் உரியதன்று. எண்ணெய் வருவாய் பெருகிய பின் அமீரகக் குடிமக்களிடையே திருமணச் செலவும் மணக்கொடையும் உயர்ந்துகொண்டே போக, இளைஞர்கள் கடனில் மூழ்குவதும் வெளிநாட்டுப் பெண்களை மணப்பதும் அரசைக் கவலைக்குள்ளாக்கின. 1992இல் ‘திருமண நிதியம்’ தொடங்கப்பட்டு, தகுதியுடைய மணமகனுக்கு 70,000 திர்ஹம் உதவித்தொகை வழங்கப்பட்டது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் மணக்கொடையை முன்பணம் 20,000, பின்பணம் 30,000 திர்ஹம் என்று வரையறுத்தது. பல திருமணங்களை ஒரே பந்தலில் நடத்தவும் ஊக்கமளிக்கப்பட்டது. பொருளியலறிஞர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976இல் ‘நிலைசார் பொருள்கள்’ என்று குறிப்பிட்டவற்றுக்குத் திருமணம் நல்ல எடுத்துக்காட்டு: பிறரைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே மதிப்புப் பெறும் பொருள்கள் அவை, எல்லோரும் எம்பி நின்றால் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது. நகையும் சீர்வரிசையும் சவரன் கணக்கில் பேசப்படும் தமிழகத்துக்கு இந்தப் பாடம் புதிதன்று. வரதட்சணைத் தடைச் சட்டம் இங்கே 1961இலேயே வந்துவிட்டது என்பதையும், கடல் கடந்தவரின் சம்பளத்தில் ஒரு பங்கு அன்றும் இன்றும் அந்தத் தராசுக்கே போகிறது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

500 திர்ஹம் சீட்டு

வரிசையில் நிற்கும் ஆசைகள் அனைத்தையும் ஒரே நாளில் தீர்த்துவிடும் வழி என ஒன்று உண்டு. அபுதாபியில் 1992 முதல் நடந்துவரும் ‘பிக் டிக்கெட்’ குலுக்கலின் சீட்டு 500 திர்ஹம்; தனியாக வாங்க இயலாதவர்கள் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கி, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் குழுவில் எழுதி வைத்துக்கொள்கின்றனர். அமெரிக்காவில் பிலிப் பிரிக்மனும் மற்றவர்களும் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, பெரும் பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இல்லை என்றும், அன்றாடச் சிறு இன்பங்களின் சுவையை இழந்திருந்தனர் என்றும் சொன்னது. உபதேசகர்கள் இதை விரும்பி எடுத்தாள்வர். ஆய்வில் இருந்த பரிசாளர்கள் 22 பேர் மட்டுமே என்பதைச் சொல்வதில்லை. சுவீடனில் பெருந்தொகையினரை வைத்து நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு, பரிசுப் பணத்தால் உயர்ந்த வாழ்க்கை நிறைவு பத்தாண்டுக்கு மேலும் நீடித்ததைக் காட்டியது. பணம் நிறைவு தராது என்ற ஆறுதல், பணம் உள்ளவரின் வாயிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. எனினும் 25 திர்ஹம் கொடுத்துப் பங்கு சேர்பவர் பரிசை மட்டும் வாங்குவதில்லை; குலுக்கல் நாள் வரையிலான இரவுகளில், விசா புதுப்பிக்காமல் ஊர் திரும்பும் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்க்கும் உரிமையையும் சேர்த்தே வாங்குகிறார்.

பாலை

தமிழ் அகத்திணை மரபு பொருள் தேடிப் பிரிவதைப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்று பெயரிட்டு, அதற்குரிய நிலமாகப் பாலையை வைத்தது. அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண்ணுள்ள இருநூறும் பாலைக்குரியவை. அதாவது நூலில் சரிபாதி வறண்ட நிலத்தில் நடக்கிறது. மழையும் மருதமும் அறிந்த மக்கள் பிரிவின் துயரைச் சொல்லத் தேர்ந்துகொண்ட கற்பனை நிலத்துக்கு, அவர்களுடைய வழிவந்தோர் உண்மையாகவே விமானச்சீட்டு எடுத்துப் போனது வரலாற்றின் தற்செயல்களுள் ஒன்று.

அப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சோடு வாதிடுகிறான். ஒருபுறம் பொருள், அதைத் தேடாமல் வீட்டில் இருப்பது ஆண்மைக்கு இழுக்கென்றும், இல்லாதவருக்குக் கொடுக்க இயலாத வாழ்க்கை வாழ்க்கையன்று என்றும் நெஞ்சு சொல்கிறது. மறுபுறம் தலைவி, அவளைப் பிரிந்து ஈட்டும் பொருள் எதை ஈடு செய்யும் என்றும் அதே நெஞ்சு கேட்கிறது. புறப்பட எண்ணியவன் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்குச் ‘செலவழுங்கல்’ என்று தனித் துறையே இருக்கிறது. இங்கே ஆசைக்கும் ஆசையின்மைக்கும் இடையே வழக்கு நடக்கவில்லை. இரண்டு நியாயமான ஆசைகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஆசையை விட்டொழித்தால் நலம் வரும் என்ற துறவு மரபின் தீர்வு இந்த வழக்குக்குப் பொருந்தாது. ஆசைகளைக் கூட்டிப் பெருக்கி ஒரே ஏணியின் ஒரு படியாக்கும் கணக்கெடுப்பும் பொருந்தாது. 7ஆம் படி என்று பதில் சொல்பவர் வங்கிக் கணக்கில் 9இலும் பிள்ளையின் முதல் பள்ளி நாளில் 4இலும் நிற்கக்கூடும். சராசரி அதை மறைத்துவிடும்.

சங்கத் தலைவனுக்குக் கார்காலம் என்ற தவணை இருந்தது. முதல் மழைக்குள் திரும்புவதாக அவன் சொல்லிச் சென்றான். வளைகுடா விசாவுக்கும் தவணை உண்டு, ஆனால் அது புதுப்பிக்கத்தக்கது. ‘தற்காலிகம்’ என்று சட்டம் சொல்லும் வாழ்க்கை முப்பதாண்டு நீடிப்பது இப்படித்தான். 2019 முதல் அமீரகம் முதலீட்டாளருக்கும் திறனாளருக்கும் பத்தாண்டுத் தங்க விசாவும், 55 வயது கடந்த வசதியுள்ளோருக்கு ஓய்வுக்கால விசாவும் அளித்து வருவதால், மேல்தட்டினருக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற எல்லை தளர்ந்திருக்கிறது. கீழ்த்தட்டினருக்கு எல்லை இருக்கிறது, அதை எப்போது ஏற்பது என்ற முடிவு மட்டும் அவர்கள் கையில் விடப்பட்டிருக்கிறது. அம்முடிவை எடுக்கத் துணை நிற்கும் ஏற்பாடுகளோ குறைவு. பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பல ஒப்பந்தங்களில் அடிப்படைச் சம்பளம் சிறியதாகவும் படிகள் பெரியனவாகவும் இருப்பதால் கைக்கு வரும் தொகை சுருங்கிவிடுகிறது. ஊரில் ஓய்வூதியம் இல்லை. தமிழ்நாடு அரசு 2021இல் அயலகத் தமிழர்களுக்கெனத் தனித் துறையை ஏற்படுத்தி, அவர்களுக்கு நல வாரியம் அமைத்திருப்பது தொடக்கமே. ‘போதும்’ என்று சொல்வதை மனப்பக்குவத்தின் அடையாளமாக மட்டும் காண்பவர்கள், அதைச் சொல்லிவிட்டு மறுமாதம் முதல் எதைக் கொண்டு அரிசி வாங்குவது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. திரும்பியவருக்கு ஊரில் ஒரு வேலையும் முதுமைக்கு ஒரு சிறு தொகையும் உறுதியானால், துறவு நூல்கள் அறுக்கச் சொன்ன பற்றில் பாதி தானாகவே தளர்ந்துவிடும்.

விடுப்புக்குப் புறப்படும் முன்னிரவில் பெட்டி கட்டுவது அறையில் உள்ள எல்லோருடைய வேலை. டேங் பொடியும் நிடோ பால் மாவும் கோடாலித் தைலமும் பேரீச்சையும் சாக்லேட்டும், பக்கத்துக் கட்டில்காரர் தம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலமும் அட்டைப்பெட்டிக்குள் இறங்குகின்றன. பிளாஸ்டிக் நாடாவால் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, கறுப்பு மார்க்கரால் பெயரும் ஊரும் எழுதுகிறார்கள். பிறகு கொக்கித் தராசில் மாட்டி இருவர் தூக்கிப் பிடிக்கின்றனர். விமான நிறுவனம் அனுமதிப்பது 30 கிலோ. முள் அதைத் தாண்டிப் போகிறது. கயிறு அவிழ்க்கப்பட்டு, எதை எடுப்பது என்ற ஆலோசனை நடக்கிறது. குழந்தைக்கு வாங்கியதை எடுக்க முடியாது, மச்சானுக்குச் சொன்னதை எடுக்க முடியாது, அடுத்த கட்டில்காரரின் பொட்டலத்தில் கைவைக்கக் கூடாது. கடைசியில் போகிறவருடைய சட்டைகளும் வேட்டியும் வெளியே வருகின்றன. நாற்பது நாளில் திரும்பி வரப்போகிறவர்தானே என்று அவற்றை மடித்து, கட்டிலுக்கு அடியில் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள்.